பிரேகாவின் இரண்டு வீடுகள்: ஷீல் நாய்தோ ஸ்லானே குலம் தாராவை இழந்தது எப்படி?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: அயர்லாந்தின் ஊய் நேல் பெருங்குலத்தின் தெற்குக் கிளைகளுள் ஒன்றான ஷீல் நாய்தோ ஸ்லானே, 7ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தாராவின் அரசுரிமையைத் தொடர்ந்து தன் கையில் வைத்திருந்தது, பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குலத்தில் ஒருவர்கூட தாராவின் அரசராக முடியவில்லை, ஸ்காண்டிநேவியக் கடல்கொள்ளையரான வைக்கிங்குகளின் தாக்குதல்தான் இதற்குக் காரணமா?

வைக்கிங்குகள் காரணம் அல்லர். அயர்லாந்தின் கடற்கரையில் அவர்களுடைய முதல் தாக்குதல் 795இல் பதிவாகிறது. ஷீல் நாய்தோ ஸ்லானே தாராவை இழந்ததோ 728இல், அதாவது 67 ஆண்டுகளுக்கு முன்பே. அந்தக் குலத்தை வீழ்த்தியது அதன் உள்ளேயே இருந்த தாயாதிப் பகை என்றுதான் நான் கருதுகிறேன். சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு அரச இருப்பிடங்கள், ஒரே மூதாதையின் வழிவந்த இரண்டு வீடுகள் (அரச குடும்பக் கிளைகள்), ஒருவரையொருவர் கொன்று தீர்த்த ஐந்தாறு தலைமுறைகள் ஆகியவற்றைப் பின்தொடர்ந்தால் இந்தக் கேள்விக்கான விடை கிடைத்துவிடும். வைக்கிங்குகள் இந்தக் கதைக்குள் வரும்போது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த ஒரு பகையில் ஒரு தரப்பின் ஆயுதமாகவே முதலில் வருகிறார்கள்.

முதலில் தாராவின் அரசர் என்றால் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அக்கால அயர்லாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றரசுகள் இருந்தன. அவற்றின் மேல் வட்டார அரசர்களும், அவர்களுக்கும் மேல் மாகாண அரசர்களும் இருந்தனர். தாரா என்பது இன்றைய மீத் மாவட்டத்தில் உள்ள ஒரு குன்று. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துச் சமாதி மேடுகளும் மண் வளையங்களும் நிறைந்த அந்த இடத்தில் 7ஆம் நூற்றாண்டில் அரண்மனை எதுவும் இல்லை. ஆனாலும் தாராவின் அரசர் என்ற பட்டம் மற்ற எல்லாப் பட்டங்களையும்விட உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. அதைப் பெற்றவர் நாடு முழுவதையும் நிர்வகிக்கவில்லை. அதற்கான அதிகாரிகளும் அவரிடம் இல்லை. மற்ற அரசர்களிடமிருந்து பிணையாட்களையும் திறையையும் பெறுவதும், தேவைப்படும்போது அவர்களுடைய படைகளைத் தன் பின்னால் திரட்டுவதுமே அவருடைய அதிகாரம். ஒன்பது பிணையாட்களின் நியால் என்று மரபு சொல்லும் மூதாதையின் வழிவந்தவர்களாகத் தம்மைக் கூறிக்கொண்ட ஊய் நேல் குலத்தார் இந்தப் பட்டத்தைத் தங்களுக்கே உரியதாக ஆக்கிக்கொண்டனர். வடக்கே கெனேல் கொனல், கெனேல் நோகன் என்ற கிளைகளும், தெற்கே க்ளான் கொல்மான், ஷீல் நாய்தோ ஸ்லானே என்ற கிளைகளும் அதற்காகப் போட்டியிட்டன. தெற்குக் கிளைகள் இரண்டும் 6ஆம் நூற்றாண்டின் நடுவில் தாராவின் அரசராக இருந்த தியர்மத் மக் கெர்வலின் இரு மகன்களிலிருந்து தோன்றியவை. மேற்கே மீதே என்ற நாடு க்ளான் கொல்மானுக்கும், கிழக்கே பிரேகா என்ற நாடு ஷீல் நாய்தோ ஸ்லானேக்கும் உரியவையாயின.

பிரேகா எளிதில் கிடைக்காத செல்வம். வடக்கே டீ ஆற்றின் பக்கத்திலிருந்து தெற்கே டப்ளினுக்கு அருகே வரை பரந்திருந்த அந்தச் சமவெளியில் இன்றைய மீத் மாவட்டத்தின் பெரும்பகுதியும், லௌத் மாவட்டத்தின் தென்பகுதியும், டப்ளின் மாவட்டத்தின் வடபகுதியும் அடங்கும். நடுவில் பாய்ன் ஆறு ஓடிக் கடலில் கலக்கிறது. கால்நடைகளின் எண்ணிக்கையே செல்வத்தின் அளவாக இருந்த சமூகத்தில் அயர்லாந்தின் மிகச் சிறந்த மேய்ச்சல் நிலங்களுள் சில இங்கே இருந்தன. தாரா குன்றும் இந்த நாட்டுக்குள்ளேயே இருந்தது. கடலுக்கு அப்பால் பிரிட்டன் ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்தது. இவ்வளவு வளமும் குவிந்திருந்ததால்தான் ஒரே குலத்தின் இரண்டு வீடுகளும் தனித்தனியே தழைக்க முடிந்தது, ஒன்றையொன்று சார்ந்து வாழவேண்டிய தேவையே எழவில்லை என்பது என் எண்ணம்.

குலத்தின் மூதாதையான ஆய்த் ஸ்லானேயின் கதையே உறவினர் கொலையில்தான் தொடங்குகிறது. 600ஆம் ஆண்டில் அவர் தம் அண்ணன் கொல்மானின் மகனான சுவ்னேயைக் கொன்றார். 604இல் அந்தச் சுவ்னேயின் மகன் கொனல் குத்பின் தரப்பினர் ஆய்த் ஸ்லானேயைக் கொன்று பழி தீர்த்தனர். ஸ்காட்லாந்துக் கடற்கரைத் தீவான அயோனாவில் உள்ள மடாலயத்தின் 9ஆவது மடாதிபதியான அதம்னான், அந்த மடாலயத்தை நிறுவிய புனித கொலும்பாவின் வாழ்க்கையை எழுதியபோது இந்தச் சம்பவத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார். உறவினர் கொலை என்ற பாவத்தைச் செய்தால் கடவுள் உனக்கென்று வைத்திருக்கும் அரசுரிமையை இழப்பாய் என்று கொலும்பா ஆய்த் ஸ்லானேயை முன்கூட்டியே எச்சரித்தாராம். சுவ்னேயைக் கொன்ற பிறகு நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களுமே அவரால் ஆள முடிந்தது என்று அதம்னான் கணக்குச் சொல்கிறார். அதம்னான் இதை எழுதிய காலத்தில் ஆய்த் ஸ்லானேயின் கொள்ளுப்பேரர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தனர். இறந்தவரைப் பற்றிய இந்த எச்சரிக்கை, உயிரோடிருந்தவர்களின் காதில் விழவேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது என்று நான் படிக்கிறேன்.

ஆய்த் ஸ்லானேக்குப் பல மகன்கள். அவர்களுள் தியர்மத், பிளத்மக் என்ற இருவர் 658 முதல் தாராவின் அரசுரிமையைக் கூட்டாக வகித்ததாக அரசர் பட்டியல்கள் கூறுகின்றன. கூட்டு ஆட்சி என்ற சொல்லைக் கேட்டு அமைதியான ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. 662இல் ஓகோமன் என்ற இடத்தில் நடந்த போரில் இந்த இரு சகோதரர்களின் தரப்புகளே மோதின. அந்தப் போரில் இன்னொரு சகோதரரான கொங்கலின் மகன் கொனங் இறந்தார். இந்தக் கொனங்கின் வழிவந்தவர்களே பின்னாளில் ஊய் கொனங் என்ற வீடாக வளர்ந்தனர். வென்ற தரப்பில் இருந்த தியர்மத்தின் மகன் கெர்னக். அவருடைய வழியினர் ஊய் கெர்னை என்ற வீடாயினர். இரு வீடுகளும் உருவாகும் முன்பே அவற்றின் மூதாதையர்களுக்கு இடையே இரத்தம் சிந்தப்பட்டிருந்தது என்பதை வலியுறுத்துகிறேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாமே இந்த இழையின் தொடர்ச்சி.

664இல் பிரிட்டனையும் அயர்லாந்தையும் தாக்கிய கொள்ளைநோய் கெர்னக்கைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு தியர்மத், பிளத்மக் இருவரையுமே கொண்டுபோனது. அரசுரிமை பிளத்மக்கின் மகன்களிடம் சென்றது. முதலில் ஷெக்னசக், பிறகு கென்ஃபேலத். 671இன் குளிர்காலத் தொடக்கத்தில் ஷெக்னசக் கொல்லப்பட்டதைப் பதிவு செய்யும் ஆண்டுக்குறிப்பு (நிகழ்வுகளை ஆண்டுவாரியாக எழுதிவைத்த பழைய பதிவு), அவர் வாழ்ந்த வீட்டில் கடிவாளங்களும் சாட்டைகளும் நிறைந்திருந்தன என்று ஒரு சிறு செய்யுளைத் தருகிறது. குதிரைகளும் திறைப் பொருள்களும் வந்து குவிந்த ஓர் அரச வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. 675இல் கென்ஃபேலத்தைக் கொன்று, அவருடைய சிற்றப்பன் மகனான ஃபின்ஷ்னெக்தா ஆட்சிக்கு வந்தார்.

ஃபின்ஷ்னெக்தா இந்தக் குலத்தின் மிகப் பெரிய அரசர் என்பது என் மதிப்பீடு. அவருடைய இருபது ஆண்டு ஆட்சியில்தான் தாராவின் அரசர்களைத் தீர்க்கதரிசன வடிவில் வரிசைப்படுத்தும் பழைய பட்டியல் ஒன்று உருவானது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அதில் அவருடைய பெயரும் சற்றே மறைபொருளாக இடம்பெறுகிறது. பிற்காலக் கதை ஒன்று அவரையும் அதம்னானையும் இளமையிலேயே இணைக்கிறது. முதுகில் பால் சாடியைச் சுமந்து சென்ற மாணவன் அதம்னான், குதிரைகளில் வந்த கூட்டத்துக்கு வழிவிட ஓடித் தடுக்கி விழுந்து சாடியை உடைத்துவிட, அந்தக் கூட்டத்தின் தலைவனான ஃபின்ஷ்னெக்தா அவனைத் தேற்றித் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டான் என்பது கதை. இது நடந்ததோ இல்லையோ, அரசர் ஒருவருக்கும் மடாதிபதி ஒருவருக்கும் இடையிலான நெருக்கத்தைப் பிற்காலத்தவர் எப்படி நினைவில் வைத்திருந்தனர் என்பதை அது காட்டுகிறது.

அந்த நெருக்கத்துக்கு உறுதியான சான்று ஒன்றும் உண்டு. 684 ஜூன் மாதத்தில் வட இங்கிலாந்தின் நார்தம்பிரிய அரசர் எக்ஃப்ரித் அனுப்பிய படை, பெர்ட் என்ற தளபதியின் தலைமையில் கடல் கடந்து வந்து பிரேகாவைச் சூறையாடியது. தேவாலயங்களையும் மடங்களையும்கூட விட்டுவைக்கவில்லை. ஆங்கிலேயர்களின் வரலாற்றை எழுதிய துறவி பீட், தன் நாட்டு அரசர் செய்த செயல் என்றும் பாராமல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆங்கிலேயர்களிடம் எப்போதும் நட்போடு இருந்த, தீங்கு செய்யாத மக்களை எக்ஃப்ரித் தாக்கினார் என்றும், மறு ஆண்டு அவர் வட பிரிட்டனில் வாழ்ந்த பிக்டு இனத்தாருடனான போரில் மடிந்தது அதற்கான தண்டனை என்றும் எழுதினார். எக்ஃப்ரித்துக்குப் பிறகு அரசரான ஆல்ட்ஃப்ரித், அயர்லாந்தில் கல்வி கற்றவர், அதம்னானின் நண்பர். அதம்னான் நேரில் சென்று பேசி, சிறைபிடிக்கப்பட்ட 60 பேரை மீட்டு அயர்லாந்துக்கு அழைத்து வந்தார். வெளிப்பகையின் கொடுமையிலிருந்து பிரேகா இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள். உட்பகையிலிருந்து அது மீளவே இல்லை.

688இல் ஃபின்ஷ்னெக்தா அரசுரிமையைத் துறந்து துறவு பூண்டார். மறு ஆண்டே திரும்பி வந்து மீண்டும் அரசரானார். அவர் விலகியிருந்த அந்த இடைவெளியில் நடந்தது நம் கேள்விக்கு முக்கியமானது. அதே 688இல் இம்லெக் பிக் என்ற இடத்தில் கெர்னக்கின் மகன் நியாலும் கொனங்கின் மகன் கொங்கலக்கும் மோதினர். நியால் வென்றார், கொங்கலக் தோற்றோடினார். கொங்கலக்கின் பக்கம் நின்ற கியனக்தா என்ற பழைய இனத்தாரின் அரசர் அந்தப் போரில் மாண்டார். பாய்னுக்கு வடக்கே இருந்த கியனக்தாவின் நிலங்களையும் பட்டத்தையும் காலப்போக்கில் ஊய் கொனங் வீட்டாரே எடுத்துக்கொண்டனர் என்பதால், தோற்ற தரப்புக்கும் இந்தப் போர் ஒருவகையில் ஆதாயமாக முடிந்தது. மேலிருப்பவரின் கை சற்றுத் தளர்ந்ததுமே இரு வீடுகளும் வாளை உருவிக்கொண்டு நின்றன. 695இல் ஃபின்ஷ்னெக்தாவையும் அவருடைய மகன் பிரெசலையும் கொன்றவர்கள் வெளியார் அல்லர்; இதே கொங்கலக்கும், ஆய்த் ஸ்லானேயின் வழிவந்த இன்னொரு தாயாதியும்தான்.

அந்தக் கொலையோடு 658 முதல் தொடர்ந்துவந்த 37 ஆண்டு ஆதிக்கம் முடிந்தது. தாராவின் பட்டம் வடக்கே கெனேல் கொனல் கிளையின் லோயிங்ஷெக்கிடம் போனது. 697இல் பிர் என்ற ஊரில் கூடிய பேரவையில், பெண்களையும் குழந்தைகளையும் திருச்சபையினரையும் போரின் கொடுமையிலிருந்து காக்கும் சட்டத்தை அதம்னான் அறிவித்தபோது, அதற்குப் பிணை நின்றதாக 91 பேரின் பெயர்கள் பட்டியலிடப்பட்டன. பிரேகாவின் தலைவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தால் போர்வீரர்களான தாயாதிகளின் கையைக் கட்டிப்போட முடியவில்லை. 701இல் ஊய் கொனங் வீட்டின் ஈர்கலக், ஊய் கெர்னை வீட்டின் நியாலைக் கொன்றார். மறு ஆண்டு ஈர்கலக், டப்ளின் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஒரு சிறு தீவில் பிரித்தானியர்களின் (பிரிட்டனின் பழைய கெல்டிக் இனத்தாரின்) கையால் மடிந்தார்.

அடுத்த தலைமுறை இந்தக் கணக்கை அப்படியே தொடர்ந்தது. கொல்லப்பட்ட நியாலின் மகன் ஃபோகர்தக்; கொன்ற ஈர்கலக்கின் மகன் கினேத். ஃபோகர்தக் 714இல் நாட்டைவிட்டு விரட்டப்பட்டுப் பிரிட்டனுக்குச் சென்றார், 716இல் திரும்பினார். 718இல் கெல்ஸ் அருகே நடந்த போரில் ஊய் கெர்னை வீட்டின் கொனல் கிராண்ட், ஊய் கொனங் வீட்டின் அமல்கத் உள்ளிட்ட பல தாயாதிகளைக் கொன்று வென்றார். இரண்டே மாதங்களில் அவரையும் அப்போதைய தாரா அரசரான வடக்குக் கிளையின் ஃபெர்கல் கொன்றுவிட்டார். 722இல் ஃபெர்கல் தென்கிழக்கு மாகாணமான லெய்ன்ஸ்டர் நாட்டவர்களிடம் ஆலன் போரில் மடிந்ததும், ஃபோகர்தக் தாராவின் அரசரானார். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் மீண்டும் குலத்துக்கு வந்தது. அதை அவர்கள் எப்படிக் காத்தனர்? 724இல் கென் தெல்க்தென் போரில் கினேத் ஃபோகர்தக்கைக் கொன்று தாமே அரசரானார். நான்கே ஆண்டுகளில், 728இல், கெனேல் கொனல் கிளையின் ஃப்லத்பெர்தக் துருய்ம் கொர்கன் போரில் கினேத்தைக் கொன்றார். அதன் பிறகு 944 வரை, 216 ஆண்டுகள், ஷீல் நாய்தோ ஸ்லானேயில் எவரும் தாராவின் அரசராகவில்லை.

அக்கால அயர்லாந்தில் எல்லா அரச குலங்களிலும் தாயாதிப் பகை இருந்ததே, இவர்கள் மட்டும் ஏன் விழவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு. தலைமகனுக்கே பட்டம் என்ற விதி அங்கே இல்லை. முன்பு ஆண்ட ஒருவரின் ஆண்வழிச் சந்ததியில் தகுதியும் ஆதரவும் உள்ள எவரும் உரிமை கோரலாம். க்ளான் கொல்மானிலும் சகோதரர்கள் ஒருவரையொருவர் கொன்றனர். 802இல் மீதே நாடு டொன்னகதின் இரு மகன்களுக்கு இடையே பிரிக்கப்பட்டது, மறு ஆண்டிலேயே ஒருவரை மற்றவர் கொன்றார். ஆனால் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அங்கே சண்டை முடிந்ததும் ஒரே ஒரு வழி மிஞ்சியது, நாடு மீண்டும் ஒன்றானது. பிரேகாவில் தோற்ற வீட்டுக்குத் திரும்பிச் செல்லத் தனி இருப்பிடமும் தனி நிலமும் தனிக் குடிகளும் இருந்தன. அதனால் எந்தத் தோல்வியும் முழுத் தோல்வியாகவில்லை. எந்த வெற்றியும் முழு வெற்றியாகவில்லை. 743இல் க்ளான் கொல்மானின் டொம்னல் தாராவைக் கைப்பற்றிய பின், அந்தப் பட்டம் அவர்களுக்கும் வடக்கே கெனேல் நோகனுக்கும் இடையே மாறி மாறிச் செல்லும் வழக்கம் உறுதியானது. டொம்னலின் மகன் டொன்னகத் 778இல் ஃபொர்கலத் போரில் பிரேகாவின் அரசர் கொங்கலக்கைக் கொன்றார். 786இல் லியக் ஃபின்ட் போரில் ஊய் கொனங், ஊய் கெர்னை இரு வீடுகளின் தலைவர்களையும் ஒரே நாளில் வீழ்த்தினார். பிரேகா அதன் பிறகு இரண்டாம் நிலை நாடாகவே நின்றது.

அந்த இரண்டு இருப்பிடங்களையும் இன்று அகழ்வாய்வு நமக்குக் காட்டியிருக்கிறது என்பது இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஊய் கொனங் வீட்டின் இருப்பிடம் பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள நௌத்; ஆண்டுக்குறிப்புகள் அதை க்னோக்பா என்று அழைக்கின்றன. அது கி.மு. 4ஆம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட, நடைவழிகள் கொண்ட மாபெரும் சமாதி மேடு. நியூகிரேஞ்ச், டௌத் ஆகியவற்றோடு சேர்த்து 1993இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது. ஜார்ஜ் ஓகன் 1962இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அங்கே அகழ்ந்தார். ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த மேட்டையே 7, 8ஆம் நூற்றாண்டுகளில் இரட்டை அகழி தோண்டிக் கோட்டையாக்கியிருந்தனர். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் மேட்டின் மீதும் அதைச் சுற்றியும் வீடுகளும், கல் அடுக்கிக் கட்டிய நிலத்தடிச் சுரங்க அறைகளும் பெருகின. பழைய சமாதியின் நடைவழிகளுக்குள் புகுந்த சிலர் தங்கள் பெயர்களை அக்கால எழுத்தில் கற்களில் கீறிவைத்திருக்கின்றனர். தாராவைப் போலவே தொன்மையான ஒரு மேட்டின் மேல் அமர்ந்துகொள்வது, தாராவின் பட்டத்தை இழந்த ஒரு வீட்டுக்குத் தன் உரிமையை உரக்கச் சொல்லும் வழியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊய் கெர்னை வீட்டின் இருப்பிடம் தெற்கே டன்ஷாக்லின் அருகே உள்ள லகோர். மரத்தூண்களும் கிளைகளும் கற்களும் மண்ணும் இட்டு ஏரிக்குள் எழுப்பிய செயற்கைத் தீவு அது. ஐரிஷ்காரர்கள் இவ்வகைத் தீவை கிரானோக் என்பார்கள். 1839இல் அங்கிருந்து வண்டி வண்டியாக எலும்புகள் தோண்டி விற்கப்பட்டபோதுதான் அந்த இடம் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது. 1934 முதல் 1936 வரை ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவின் சார்பில் ஹியூ ஹென்கன் முறையாக அகழ்ந்தார். தீவைச் சூழ்ந்த மரவேலிகள், வாள்கள், ஈட்டிமுனைகள், கண்ணாடி வேலைப்பாட்டின் தடயங்கள், மலைபோல் குவிந்த மாட்டு எலும்புகள் ஆகியவை கிடைத்தன. கழுத்தில் பூட்டும் இரும்புப் பட்டையும் சங்கிலியும்கூடக் கிடைத்தன. பிணையாட்களையும் அடிமைகளையும் பற்றி ஆண்டுக்குறிப்புகள் சொல்வதை வெறும் சொல்லாகப் படித்துவிட்டுக் கடந்து செல்ல முடியாதபடி அந்தச் சங்கிலி நம்மை நிறுத்துகிறது.

இனி வைக்கிங்குகளுக்கு வரலாம். 837இல் 60 கப்பல்கள் பாய்ன் ஆற்றிலும் இன்னொரு 60 கப்பல்கள் லிஃபி ஆற்றிலும் நுழைந்து இரு சமவெளிகளையும் சூறையாடின. 841இல் தெற்கே டப்ளினிலும் வடக்கே லின் துவாகில் என்ற இடத்திலும் அவர்கள் நிலையான கப்பல் தளங்களை அமைத்தனர். பிரேகா இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு வீடுகளும் இதை எதிர்கொண்ட விதமே வேறு. லகோரின் அரசரான திகெர்னக் 848இல் வைக்கிங்குகளைப் போரில் வென்றார். 849இல் தாராவின் அரசரும் க்ளான் கொல்மானின் தலைவருமான மால் ஷெக்னலுடன் சேர்ந்து டப்ளினையே கொள்ளையிட்டார். நௌத்தின் கினேத் மக் கொனங் எதிர்த் திசையில் போனார். 850இல் அவர் வைக்கிங்குகளின் துணையோடு மால் ஷெக்னலுக்கு எதிராகக் கிளர்ந்தார். ஷானன் ஆற்றிலிருந்து கடல்வரை ஊய் நேல் நாடுகளையும் தேவாலயங்களையும் சூறையாடினார். லகோர் தீவைத் தரைமட்டமாக்கினார். ட்ரெவெட்டின் சிறு தேவாலயத்தை அதற்குள் 70 பேர் இருக்கும்போதே எரித்தார் என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. 851இல் மால் ஷெக்னலும் திகெர்னக்கும் அவரைப் பிடித்தனர். அயர்லாந்தின் பெருமக்களும் தலைமைத் திருச்சபையான ஆர்மாவின் தலைவரும் அவருடைய உயிருக்குப் பிணை நின்றிருந்தனர். அந்தப் பிணையையும் மீறி அவரைக் குளத்தில் மூழ்கடித்துக் கொன்றனர்.

கினேத்தை அந்நியரோடு சேர்ந்த துரோகி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. ட்ரெவெட்டில் எரிந்தவர்களை நினைத்தால் அவருக்காகப் பரிந்து பேசவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் எரித்த தீவு யாருடையது என்று பார்க்க வேண்டும். 662இல் கொனங் வீழ்ந்ததிலிருந்து 701, 718, 724 என்று நீண்ட அதே கணக்கில் 850 இன்னொரு பதிவு. அவரை மூழ்கடித்த கைகளுள் ஒன்று லகோரின் திகெர்னக்குடையது என்பதை ஆண்டுக்குறிப்பாளர் பெயர் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்.

கினேத்தின் சகோதரர் ஃப்ளான் அதே பாதையில் நடந்தார். டப்ளினின் வைக்கிங் தலைவர்களோடு கூட்டுச் சேர்ந்தார். கூட்டாளிகள் நிலையான நண்பர்களாக இருக்கவில்லை. 863இல் ஓலாஃப், ஈவர் உள்ளிட்ட தலைவர்கள் மீதேயின் ஒரு அரசரோடு சேர்ந்து ஃப்ளானின் நிலத்திலேயே நௌத், டௌத் முதலான பழஞ்சமாதிகளுக்குள் புகுந்து பொருள் தேடினர். இதற்கு முன் இப்படி யாரும் செய்ததில்லை என்று ஆண்டுக்குறிப்பு அதிர்ச்சியோடு பதிவு செய்கிறது. 868இல் தாராவின் அரசர் ஆய்த் ஃபின்லியத்துக்கு எதிராக ஃப்ளானும் லகோரின் அரசரும் ஒரே அணியில் நின்று, ஒரே களத்தில் மடிந்தனர். இரு வீடுகளும் ஒன்றாகப் போரிட்ட அரிய சந்தர்ப்பம் அது, காலம் கடந்துவிட்டிருந்தது. 935இல் டப்ளினின் இன்னொரு ஓலாஃப் ஒரே வாரத்தில் லகோர் தீவை அழித்து, நௌத்தின் குகையையும் கொள்ளையிட்டார்.

இதன் பிறகும் ஊய் கொனங் வீடு ஒருமுறை எழுந்தது. நௌத்தைத் தன் பெயரோடு சேர்த்தே அறியப்பட்ட கொங்கலக், தாய் வழியில் க்ளான் கொல்மானின் பெரிய அரசரான ஃப்ளான் ஷின்னாவின் பேரன். 944இல் அவர் லெய்ன்ஸ்டர் அரசருடன் சேர்ந்து டப்ளினைச் சூறையாடினார். அதே ஆண்டு தாராவின் அரசர் டொன்னகத் இறந்ததும் அந்தப் பட்டத்தைக் கைப்பற்றினார். தெற்கிலும் வடக்கிலும் முறைவைத்து வந்த இரு குலங்களுக்கும் வெளியே பட்டம் போனது அப்போதுதான். அவருடைய ஆட்சி கடும் போராட்டமாகவே இருந்தது. கெனேல் கொனலின் ருவாத்ரி அவருடைய உரிமையை எதிர்த்தார். 947இல் ஸ்லேன் அருகே கொங்கலக்கும் அவருடைய கூட்டாளியான டப்ளின் அரசர் ஓலாஃப் குவாரானும் ருவாத்ரியிடம் தோற்றனர். 950இல் ருவாத்ரி டப்ளின் வைக்கிங்குகளின் கையால் மடிந்ததே கொங்கலக்கைக் காத்தது. 956இல் லெய்ன்ஸ்டர் நாட்டவரும் டப்ளின்காரர்களும் சேர்ந்து வைத்த பதுங்குத் தாக்குதலில் அவரும் கொல்லப்பட்டார். தாராவின் அரசர் வரிசையில் ஷீல் நாய்தோ ஸ்லானேயின் கடைசிப் பெயர் அவருடையதே.

அவருடைய மகன் டொம்னல் டப்ளினோடு கூட்டைத் தொடர்ந்து, 970இல் ஓலாஃப் குவாரானுடன் சேர்ந்து தாராவின் அரசரையே தோற்கடித்தார். 980இல் க்ளான் கொல்மானின் இரண்டாம் மால் ஷெக்னல் தாரா அருகே டப்ளின் படையை நொறுக்கிய பிறகு, பிரேகாவுக்குச் சாய்ந்துகொள்ள அந்தத் தூணும் இல்லாமல் போனது. 11ஆம் நூற்றாண்டில் பிரேகா மீதே அரசர்களின் மேலாதிக்கத்துக்குள் அடங்கியது. 1142இல் நிறுவப்பட்ட மெல்லிஃபாண்ட் சிஸ்டெர்சியன் மடம் பாய்ன் வளைவின் நிலங்களைப் பெற்றபோது நௌத்தும் அதன் உடைமைகளுள் ஒன்றானது; 1172இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி மீதே முழுவதையும் நார்மன் பிரபு ஹியூ டி லேசிக்கு வழங்கியபோது, அந்தக் கொடையை எதிர்த்து உரிமை கோரும் நிலையில் ஆய்த் ஸ்லானேயின் வழியில் எந்த அரசரும் இருக்கவில்லை.